வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்?



காரைக்காலில் ஒரு சபராளி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தெருவாசலில் இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் மரக்கதவு. அதையும் தாண்டினால் திரை. அந்நிய ஆண் யாராவது வந்தால் திண்ணையோடு பேச்சு முடிந்துவிடும். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. சின்னப் பிள்ளைக்குக்கூட ஸலாம் சொல்லிவிட்டு நிற்கக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்.

அதே வீட்டின் கூடத்தில் ஒரு கைப்பேசி கிடக்கிறது. துபையில் இருக்கும் வாப்பாவிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக, தெருவில் 'கம்ப்யூட்டர் தெரிந்த' தம்பி ஒருவர், குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி, ஏதோ ஓர் இலவச வி.பி.என். செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு சாவிப் படம் தெரிகிறது. இனி நம்மை யாரும் பார்க்க முடியாது என்று வீடே நிம்மதியாக இருக்கிறது.

யார் பார்க்க முடியாது? அந்தச் செயலியை நடத்துகிறவன் பார்க்க முடியாதா? அவன் யார்? எந்த நாட்டுக்காரன்? மாதம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் உங்கள் வீட்டுக்குக் காவல் நிற்க அவனுக்கு என்ன வேண்டுதல்?

கேட்டிருக்கிறோமா? கேட்கவில்லை! இரும்புக் கதவுக்குப் பூட்டு வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குகிற நாம்தான், வீட்டின் மொத்தப் பேச்சுவார்த்தையும் போகிற வழிக்கு, பெயர் தெரியாதவன் கொடுத்த பூட்டை மாட்டி, சாவியையும் அவனிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. வாட்ஸ்அப் அழைப்பைத் தடுத்து வைத்திருப்பது அமீரகத்தின் இணைப்பு நிறுவனங்கள். தடை அங்கே! காரைக்காலில் உட்கார்ந்திருக்கும் உம்மாவின் போனுக்கு அந்தத் தடையும் இல்லை, அதற்காக வி.பி.என். தேவையும் இல்லை. இல்லாத நோய்க்கு, யார் கொடுத்தான் என்று தெரியாத மருந்து!

காரைக்கால்காரனுக்குப் புரியாததா?

வி.பி.என். என்றால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எல்லை என்றால் என்ன என்று காரைக்கால்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே பூவத்தைத் தாண்டினாலும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் நாம் புதுச்சேரி. போலீஸ் வேறு, வரி வேறு, வண்டி எண் வேறு. 1954 நவம்பர் 1 வரை பறந்த கொடியே வேறு. வெளிமாநிலப் பணக்காரர்கள் சிலர் வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டி, பி.ஒய். பலகை மாட்டிக்கொண்டு தங்கள் ஊரில் சொகுசுக் கார் ஓட்டிய விவகாரம் 2017இல் நாடெங்கும் நாறியது நினைவிருக்கும்.

வி.பி.என். உங்கள் இணைப்புக்கு வேறு ஊர்ப் பலகை மாட்டுகிறது. (உவமை பலகைக்கு மட்டும்தான், வரி ஏய்ப்புக்கு அல்ல!) உங்கள் போனிலிருந்து கிளம்புகிற எல்லாம் ஒரு முத்திரையிட்ட உறைக்குள் போய், அந்த நிறுவனத்தின் கணினிக்குச் சேர்கிறது. அங்கே உறை பிரிக்கப்பட்டு, அங்கிருந்து போக வேண்டிய தளத்துக்குப் போகிறது. நீங்கள் போகும் தளத்துக்கு, நீங்கள் சிங்கப்பூரிலிருந்தோ சுவீடனிலிருந்தோ வருவதாகத் தெரியும். உங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் கம்பெனிக்கு உறை மட்டும் தெரியும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது.

அதாவது, இதுவரை இணைப்புக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது இனி வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும்! தபால்காரரை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தபால்காரரே இல்லாமல் செய்துவிடவில்லை. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பழைய தபால்காரரைவிடப் புதியவர் நல்லவரா? இதுதான் கேள்வி. இதைக் கேட்காமல் வி.பி.என். போடுகிறவர், போடாதவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வங்கித் தளம், வாட்ஸ்அப் செய்தி போன்றவற்றின் உள்ளே இருப்பது ஏற்கெனவே பூட்டப்பட்டுத்தான் போகிறது. இணைப்புக் கம்பெனிக்குத் தெரிவது நீங்கள் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போனீர்கள் என்பது. 'இவ்வளவுதானா?' என்று அலட்சியம் வேண்டாம். நள்ளிரவில் எந்த நோய்க்கான மருத்துவத் தளம், எந்த வழக்கறிஞர் தளம், எந்தக் கட்சியின் தளம், எந்த மார்க்கச் சொற்பொழிவு என்பதை வரிசையாக எழுதி வைத்தால், உள்ளே ஓர் எழுத்தும் படிக்காமலே ஒரு குடும்பத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

'மறைக்க என்ன இருக்கிறது?'

நம் ஜமாஅத்துகளிலேயே சில பெரியவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். தப்புச் செய்யாதவனுக்குத் திரை எதற்கு என்கிறார்கள். அவர்களிடம் திருப்பிக் கேட்கிறோம்: உங்கள் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டீர்களா? மகளுக்கு வந்த நிக்காஹ் பேச்சைத் தெருமுனையில் ஒலிபெருக்கியில் வாசிப்பீர்களா?

அந்தரங்கம் குற்றவாளியின் தேவை அல்ல. அது குடிமகனின் உரிமை. நாம் சொல்லவில்லை. 24.8.2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமித்துச் சொன்னார்கள். அது அடிப்படை உரிமை என்பதில் ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை.

தீர்ப்பு வந்த பிறகு என்ன நடந்தது? 20.12.2018 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. எந்தக் கணினியிலும் உள்ள தகவலை இடைமறிக்கவும், கண்காணிக்கவும், பூட்டை உடைத்துப் படிக்கவும் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. உளவுத்துறையோடு வருமான வரி வாரியமும் அந்தப் பட்டியலில் உண்டு! 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம விதி திருத்தப்பட்டு, அழைப்பு விவரங்களையும் இணைய விவரங்களையும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றானது. 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்லது என்று புரட்டிப் பார்த்தால், 17ஆம் பிரிவில் அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. பிரான்சில் இருக்கும் உங்கள் மச்சானுக்கு 25.5.2018 முதல் ஐரோப்பியத் தரவுச் சட்டம் காவல் இருக்கிறது. அதே குடும்பத்தில், காரைக்காலில் இருக்கும் உங்களுக்கு? வேலிக்கு ஓணான் சாட்சி!

இப்போது வி.பி.என். விஷயத்துக்கே வருவோம். 28.4.2022 அன்று, மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஒரு கட்டளை பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கொடுக்கப்பட்ட இணைய எண், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த நோக்கத்துக்காக எடுத்தார் என்பது வரை பதிவு செய்து, வாடிக்கையாளர் விலகிப் போன பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமாம்! எந்த நோக்கத்துக்காகத் திரை வாங்குகிறாய் என்று துணிக்கடையில் கேட்டு எழுதி வைப்பதைப் போல!

இதிலே இன்னும் ஒரு நீதியைப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இந்த விதி பொருந்தாது என்று மறுமாதமே விளக்கம் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு விலக்கு, குடும்பத்துக்கு விளக்குமாறு! கம்பெனியின் கணக்கு வழக்கு ரகசியமாக இருக்க வேண்டும், ஆமினா பேகத்தின் வீட்டு ரகசியம் மட்டும் ஐந்து ஆண்டுகள் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இணங்க மனமில்லாதவர்கள் நாட்டைவிட்டுப் போகலாம் என்று அன்றைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் சொன்னார். போனார்கள்! எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான் என ஒன்றன்பின் ஒன்றாக 2022 ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் இந்தியாவில் வைத்திருந்த கணினிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேர்பெற்ற நிறுவனங்கள் பதிவேடு வைக்க மாட்டோம் என்று கடையைக் கட்டின. பெயர் தெரியாத இலவசச் செயலிகள் எத்தனையோ உங்கள் பிள்ளைகளின் போனில் இருக்கின்றன.

'குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா?' என்பார்கள். பிடியுங்கள்! யார் வேண்டாம் என்றது? முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி 'ஏலம்' போட்ட சல்லித்தனம் 2021 ஜூலையில் நடந்தது. ஆறு மாதம் யாரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி 1 அன்று அதே அக்கிரமத்தை 'புல்லி பாய்' என்ற பெயரில் இன்னொரு கூட்டம் செய்தது. நாடு கொதித்தது. முகத்தை மறைத்துக்கொண்டு செய்தவர்கள் சில நாட்களுக்குள் பிடிபட்டார்கள். ஜூலையின் குற்றத்துக்கும் அதே ஜனவரியில்தான் கைது நடந்தது. ஐந்து ஆண்டுப் பதிவேட்டு விதி வந்தது ஏப்ரலில்! விதி இல்லாதபோதே பிடிக்க முடிந்தது. ஜூலையில் இல்லாதது விதியா, மனமா?

காஷ்மீரில் நடந்ததையும் மறக்க முடியாது. 2019 ஆகஸ்ட் 5 முதல் அங்கே இணையம் துண்டிக்கப்பட்டது. 10.1.2020 அன்று அனுராதா பாசின் வழக்கில், காலவரையற்ற இணையத் தடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பிறகு ஆமை வேக இணைப்பைக் கொடுத்து, அதிலும் அரசு அனுமதித்த தளங்களை மட்டுமே பார்க்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். முதலில் 153 தளங்கள், பிறகு 301. மக்கள் வி.பி.என். வழியாகச் செய்தி பார்த்தார்கள், உறவுகளோடு பேசினார்கள். 2020 பிப்ரவரியில் அதற்கும் முதல் தகவல் அறிக்கை! அதில் ஊபா சட்டம். உச்ச நீதிமன்றம் 2015இலேயே குப்பையில் போட்ட 66-ஏ பிரிவையும் அதில் சேர்த்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. செத்துப்போன சட்டத்தை எழுப்பி வந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே சகோதரர்களே, 'வி.பி.என். வைத்திருந்தான்' என்று தொலைக்காட்சியில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது நடுங்க வேண்டாம். காஷ்மீர் மாவட்டங்களில் அவ்வப்போது போடப்படும் தனி உத்தரவுகளைத் தவிர, இந்த நாட்டில் சாதாரணக் குடிமகன் வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை. 2020 பொதுமுடக்கத்தில் சென்னையின் மென்பொருள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தது எதன் வழியாக? வி.பி.என். வழியாகத்தான். அதன் வழியாகக் குற்றம் செய்தால் அது குற்றம். கதவைச் சாத்திக்கொண்டு குற்றம் செய்தாலும் குற்றம்தான். அதற்காகக் கதவைத் தடை செய்ய முடியுமா?

இலவசம் என்ற பெயரில்...

அரசை இவ்வளவு கேள்வி கேட்கிற நாம், நம் கையில் இருக்கும் செயலியைக் கேள்வி கேட்காமல் விடலாமா? அதுதான் நமக்கு வேதனை. அதிகாரிக்கு மறுத்ததை அந்நியனுக்கு வாரிக் கொடுக்கிறோம்.

'ஓனாவோ ப்ரொடெக்ட்' என்று ஒரு வி.பி.என். இருந்தது. இலவசம். உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்பதுதான் அதன் விளம்பரம். அதை 2013இல் வாங்கிய முதலாளி யார்? பேஸ்புக்! மக்கள் தங்கள் போனில் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே கணக்கெடுத்தார்கள். வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அவர்கள் அளந்து பார்த்ததற்கான தாள்களை 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் கடையிலிருந்து அந்தச் செயலி வெளியேறியது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காவலாளி வேடத்தில் வந்தவன் கணக்குப்பிள்ளை!

2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு இலவச வி.பி.என். செயலிகளின் சரக்கு அம்பலத்துக்கு வந்தது. 'எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று சத்தியம் செய்திருந்த கூட்டம் அது. பயனாளிகளின் மின்னஞ்சல், இணைய எண், கடவுச்சொல், போன தளங்கள் எல்லாம் பூட்டாத கணினியில் திறந்து கிடந்தன. அதற்கும் முன்னால், ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் 2016இல் ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகள் 283ஐப் பிரித்துப் பார்த்தார்கள். 100க்கு 38 செயலிகளில் நாசகார நிரல் தென்பட்டது. 100க்கு 18 செயலிகள் உறையையே ஒட்டவில்லை! பழைய ஆய்வுதான். அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள்.

2024 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள் '911 எஸ்5' என்ற சதிவலையைப் பிடித்தார்கள். மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., ஷைன் வி.பி.என். போன்ற பெயர்களில் இலவசச் செயலிகளைக் கணினிகளில் பரப்பி, ஏற்றியவரின் வீட்டு இணைப்பையே குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் இணைய எண்கள்! திருட்டு, மிரட்டல், மோசடி எல்லாம் அப்பாவி வீடுகளின் முகவரியிலிருந்து நடந்தன. ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு மிரட்டல் கடிதம் அனுப்புகிறான். விசாரித்துக்கொண்டு வந்தால் முகவரி காரைக்காலில் உள்ள உங்கள் வீட்டைக் காட்டுகிறது. வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது, 'ஐயா, இலவச வி.பி.என். போட்டிருந்தோம்' என்று சொல்லிப் புரியவைக்க முடியுமா? நம் பெயர்களை வைத்துக்கொண்டு? எந்தச் சமுதாயத்துப் பிள்ளை நிரபராதி என்று நிரூபிக்க எத்தனை ஆண்டுகள் சிறையில் கிடந்தான் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவேதான் சொல்கிறோம்: யார் நடத்துகிறார் என்று தெரியாத இலவச வி.பி.என்.னை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். குழுக்களில் அந்த இணைப்புகளை 'நன்மையை எத்தி வைக்கிறேன்' என்று பரப்புகிற சகோதரர்களே, நிறுத்துங்கள்!

திரை மூடாத ஜன்னல்கள்

சரி, நல்ல வி.பி.என். ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லவே இல்லை.

'முஸ்லிம் புரோ' செயலி தெரியாதவர் யார்? தொழுகை நேரம், கிப்லா திசை. பல கோடிப் பேர் பதிவிறக்கியது. 2020 நவம்பரில் வந்த புலனாய்வுச் செய்தி சமுதாயத்தை உலுக்கியது. அந்தச் செயலியிலிருந்து பயனாளிகளின் இருப்பிட விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அந்தத் தரகரிடம் சரக்கு வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள்! தனிநபர் விவரம் எதையும் விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் புரோ, எக்ஸ்-மோட் உறவை உடனே முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அந்தத் தரகரின் கையைக் கட்டிப்போட்டது. வணக்கத் தலங்கள் போன்ற இடங்களுக்கு யார் போய் வந்தார் என்ற விவரத்தை இனி விற்கக் கூடாது என்றது. கிப்லா எந்தப் பக்கம் என்று நாம் கேட்டோம். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இதிலே பாடம் என்ன? இங்கே வி.பி.என். இருந்திருந்தாலும் பயன் இல்லை! அது மறைப்பது இணைய எண்ணை. செயலிக்கு நீங்களே 'இருப்பிடம் பார்க்கலாம்' என்று அனுமதி கொடுத்திருந்தால், செயற்கைக்கோள் காட்டும் இடத்தை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். சுவீடன் பலகை மாட்டியிருந்தாலும் வண்டி நிற்பது பாரதியார் வீதியில்தான் என்று அதற்குத் தெரியும். போன் அமைப்புகளைத் திறந்து, இருப்பிடம், தொடர்புகள், எஸ்.எம்.எஸ்., ஒலிவாங்கி ஆகியவற்றை எந்தெந்தச் செயலி பார்க்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். கைவிளக்குச் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு? தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தால் போதுமே! மஸ்ஜிதில் தொங்கும் அட்டவணை யாரையும் உளவு பார்ப்பதில்லை.

ஏலம் போட்ட அந்தக் கயவர்கள் படங்களை எங்கே எடுத்தார்கள்? எல்லாரும் பார்க்கும்படி சமூகத் தளங்களில் கிடந்த படங்கள் அவை. பழி எடுத்தவன் மேல்தான், படம் போட்ட சகோதரி மேல் அல்ல. ஆனால் வி.பி.என். அதையும் தடுக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுளிலும் பேஸ்புக்கிலும் உங்கள் பெயரோடு நுழைந்துகொண்டு வி.பி.என். போடுவது, முகமூடி போட்டுக்கொண்டு பெயர் அட்டையையும் நெஞ்சில் குத்திக்கொள்வது போல. ஓ.டி.பி. கேட்டு வருகிற மோசடிக்காரனிடமிருந்தும் அது காப்பாற்றாது.

வீட்டு ரவுட்டரைப் பாருங்கள். கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போன அன்று வைத்த 'அட்மின்' என்ற கடவுச்சொல் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும். அதைத் தெரிந்தவன் வீட்டு இணைப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடலாம். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும், காசும் வேண்டாம்.

வாங்குவதானால்...

சமீபத்தில் ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் இளைஞர் பிடித்துக்கொண்டார். "ஹஸ்ரத், பயமுறுத்திவிட்டீர்கள், எதைத்தான் போடுவது?" நியாயமான கேள்வி. வெளியூர் விடுதியிலும் விமான நிலையத்திலும் பொது வைஃபையில் உட்கார்கிறவர்கள், செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள், சமுதாயப் பணியில் இருப்பவர்கள், தான் என்ன படிக்கிறோம் என்பது இணைப்புக் கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிற எந்தக் குடும்பமும் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியின் பெயர், பதிவான நாடு, நடத்துகிறவர் யார் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். நிரல் திறந்ததாக, யாரும் பரிசோதிக்கக்கூடியதாக இருப்பது நல்லது. வெளியார் தணிக்கை நடந்திருக்க வேண்டும். 'பதிவு வைப்பதில்லை' என்ற வாயுரையை மட்டும் நம்பாதீர்கள். ஐ.பி.வேனிஷ் என்ற நிறுவனம் அப்படித்தான் சொன்னது. 2016இல் அமெரிக்க அதிகாரிகள் கேட்டபோது பதிவை எடுத்துக் கொடுத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். 18.4.2023 அன்று சுவீடன் போலீஸ் சோதனை ஆணையோடு முல்வாட் நிறுவனத்தின் வாசலில் நின்றது. கேட்ட தகவல் அங்கே இல்லவே இல்லை என்று காட்டியபின் வெறுங்கையோடு திரும்பியது. அந்த நிறுவனம் பெயரும் கேட்பதில்லை, மின்னஞ்சலும் கேட்பதில்லை. ஓர் எண் மட்டும்தான். மாதம் 5 யூரோ, நம் கணக்கில் ஏறத்தாழ 500 ரூபாய். அது கனம் என்றால், பணம் கட்டும் வாடிக்கையாளரின் வருவாயைக் கொண்டு இலவசப் பகுதியும் நடத்துகிற புரோட்டான் போன்றது உண்டு. இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அதில் தெரிகிறது. அவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அதே நிறுவனம் தன் மின்னஞ்சல் சேவையில் ஒரு பிரெஞ்சுப் போராளியின் இணைய எண்ணை, சுவிஸ் சட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு, 2021இல் கொடுத்தது. வி.பி.என்.னுக்கு அந்தச் சட்டம் அப்படிப் பொருந்தாது என்பது அவர்கள் விளக்கம். சட்டத்தை மீறி உங்களுக்காகச் சிறைக்குப் போகிற கம்பெனி உலகத்தில் இல்லை. கொடுப்பதற்குத் தன்னிடம் எதையும் வைத்திருக்காத கம்பெனியைத்தான் தேட வேண்டும்.

வாங்கினால் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ, அது காட்டும் செயலிக் கடையிலிருந்தோ மட்டும் ஏற்றுங்கள்; நண்பர் அனுப்பிய கோப்பு வேண்டாம். வி.பி.என். அறுந்தால் இணையத்தையும் சேர்த்து நிறுத்தும் 'கில் சுவிட்ச்' வசதியைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அறுந்த நொடியில் பலகை கழன்று விழும். தொடர்புகளையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் பார்க்க அனுமதி கேட்கிற வி.பி.என்.னை அந்த இடத்திலேயே நீக்குங்கள். அந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

சபராளிகளுக்கு ஒரு சொல்

துபையிலும் அபுதாபியிலும் இருக்கும் நம் சகோதரர்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். அங்கே வங்கிகளும் கம்பெனிகளும் தங்கள் உள்வேலைக்கு வி.பி.என். வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வி.பி.என். மூலம் இணைய எண்ணை மாற்றி, குற்றம் ஒன்றைச் செய்தாலோ, அது வெளியே தெரியாமல் மறைத்தாலோ, 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறையும் உண்டு, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. உங்கள் எத்தனை வருடச் சம்பளம் அது? வாட்ஸ்அப் அழைப்புக்காக அந்த ஆபத்தில் கழுத்தை நீட்ட வேண்டாம். அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் உண்டு. போட்டிம் அதில் ஒன்று. அதில் பேசும்போது குடும்ப ரகசியத்தைக் கொஞ்சம் அடக்கிப் பேசுங்கள். மனைவி மக்களோடு முகம் பார்த்துப் பேசுவதற்குக்கூட அனுமதிச் சீட்டு கேட்கிற நிலை நமக்குப் பிடித்ததல்ல. ஆனால் சபர் போன இடத்தில் சட்டத்தோடு மோதி, விசா ரத்தாகி வீடு திரும்பினால் அடுப்பு எரிவது நம் ஊரில்தான் நிற்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் நான்கு பேர் சேர்ந்து, ஆண்களின் போனை ஆண்களும் பெண்களின் போனைப் பெண்களுமாக வீடு வீடாகப் பார்த்து, பெயர் தெரியாத வி.பி.என்.களை நீக்கி, அனுமதிகளை மூடி, ரவுட்டர் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுங்கள். புதிய கடவுச்சொல்லை வீட்டுக்காரரே தட்டச்சு செய்யட்டும். நீங்கள் அந்த நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அத்தோடு, 28.4.2022 கட்டளையின் ஐந்தாவது பத்தியைத் திரும்பப் பெற வேண்டும் என்று நம் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு ஜமாஅத் லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் ஒன்றை நமக்கும் அனுப்பி வையுங்கள். வெளியிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.